தானாக நிற்கும் வண்டி

பெருமதிப்புக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரும் உங்கள் ஒரே தங்கையின் ஒரே புருஷனுமாகிய அடியேன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கைகூப்பி எழுதிக்கொள்வது. எழுந்து நின்று வணங்காததற்கு மன்னிக்க வேண்டும். காரணம் கடிதத்தின் நடுவில் வரும். இங்கே நாங்கள் எல்லோரும் நலம், என் வலது கால் நீங்கலாக. அங்கே தாங்களும், வீட்டில் உள்ளவர்களும், தங்கள் ரத்த அழுத்தமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். ரத்த அழுத்தத்தைத் தனியாகக் குறிப்பிட்டதற்கும் காரணம் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கை அடுத்த வாரம் மறுபடியும் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகப் போகிறாளாம். இது மூன்றாவது தடவை. வேண்டாம் என்று நயமாகச் சொல்லிப் பார்த்தேன், பயமாகச் சொல்லிப் பார்த்தேன், ஒரு நாள் சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தும் பார்த்தேன். பசி வந்ததும் நானே எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டேன், அது வேறு விஷயம். நான் சொன்னால் எடுபடாது. நீங்கள் சொன்னால் கேட்பாள். ஆகவே இந்தக் கடிதம் கண்டவுடன், “தங்கச்சி, இருக்கிற வேலை போதும், உடம்பைப் பார்த்துக்கொள், இந்த வண்டி ஓட்டுகிற ஆசையெல்லாம் விட்டுவிடு” என்று நீங்களாகவே யோசித்து எழுதுவது போல நான்கு வரி எழுதிப் போடவும். அதில் என் தலை எங்கேயும் தெரிய வேண்டாம்.

இந்த விவகாரத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு என்பதை மரியாதையோடு சொல்லிக்கொள்கிறேன். சின்ன வயதில் அவளுக்குச் சைக்கிள் பழக்கியது நீங்கள்தானே? சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தவர், பாதியில் சொல்லாமல் கொள்ளாமல் கையை விட்டுவிட்டு நின்றுகொண்டீர்களாம். அவள் தெருக்கோடி வரைக்கும் தனியாகவே போய், அங்கே திரும்பிப் பார்த்த பிறகுதான் நீங்கள் பின்னால் இல்லை என்பதே அவளுக்குத் தெரிந்ததாம். கல்யாணம் ஆன நாள் முதல் இந்தக் கதையை எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், சொல்லும்போதெல்லாம் முகம் அப்படி மலர்ந்து போகிறது. விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், மச்சான்? தொழில் தெரிந்த யாராவது அப்படிக் கையை விடுவார்களா? நான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், ஒரு பெண்ணையும் அப்படி விட்டதில்லை.

அவளுக்கு ஏன் இந்த ஆசை என்று நீங்கள் கேட்கலாம். ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக அவள் பார்க்கிற வேலைக்கு என்ன குறைச்சல் என்று நானும்தான் கேட்டேன். இப்போது அங்கே புதிதாக ஒரு வேலை வந்திருக்கிறதாம். எழுந்து நடமாட முடியாத நோயாளிகளின் வீட்டுக்கே காரில் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றி, ஊசி போட்டு, மருந்து சரியாகச் சாப்பிடுகிறார்களா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். கார் ஆஸ்பத்திரி கொடுக்கும், ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். “வார்டுல பெரிய டாக்டர் பின்னாடி தட்டை ஏந்திகிட்டு நடக்கறேன். அங்க போனா, என்ன செய்யணும்னு நானே பாத்து நானே முடிவு பண்ணலாம்” என்கிறாள். அந்த வேலையை அவளுக்காக இந்த மாதம் முடிகிற வரைக்கும்தான் வைத்திருப்பார்களாம், அதற்குள் லைசென்ஸ் வராவிட்டால் வேறு ஒருவருக்குப் போய்விடும்.

சொல்லிக்கொடுப்பது நான். ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிற கைகளில் பாதி என்னிடம் பழகியவை. ஆனாலும் முதல் தடவை டெஸ்டில் உங்கள் தங்கை திருப்பத்தில் நேராகப் போய் ரவுண்டானா நடுவில் இருந்த பூச்செடிகளுக்குள் வண்டியை விட்டாள். இரண்டாவது தடவை, நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டி, தேர்வு அதிகாரிக்குத் தேநீர் கொண்டுவந்தவர் தட்டோடு ஓடுகிற அளவுக்குப் போய்விட்டாள். இது அவளுடைய குற்றம் இல்லை என்றுதான் நான் ஆறுதல் சொன்னேன். எங்கள் ஸ்கூலில் ஆண்கள் அநேகமாக முதல் தடவையே பாஸாகிவிடுவார்கள். பெண்கள் வருவார்கள், போவார்கள், மறுபடி வருவார்கள். “பெண்களுக்கு எல்லாம் வரும், பிரேக் மட்டும் வராது” என்பது என் நெடுநாள் அனுபவத்தில் நான் கண்டுபிடித்த உண்மை. இதை நான் யாரையும் மட்டம் தட்டுவதற்காகச் சொல்வதில்லை. சிலருக்குப் பாட்டு வராது, அது மாதிரி.

எங்கள் ஸ்கூலில் பழகுகிற பல் டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். கெட்டிக்காரி. என்னிடம் ஓட்டும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி வெண்ணெய் போல வேகம் குறைந்து நிற்கும். டெஸ்டில் போய் உட்கார்ந்தால் டயர் குவியலில் இடிப்பார். ஒரு தடவை ஃபெயிலாகி வந்து என்னிடம் கேட்டார், “மாஸ்டர், நீங்க பக்கத்துல இருந்தா வண்டி தானா நிக்குது. அந்த ஆபீசர் உக்காந்தா நிக்கவே மாட்டேங்குது. வண்டிக்கு ஆள் தெரியுமா?” “ஆமாம்மா, வண்டிக்கு ஆள் தெரியும்” என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். பயிற்சி வண்டியில் மாஸ்டர் உட்காருகிற பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் இருக்கும், பழகுகிறவர் தடுமாறினால் நாம் மிதிப்பதற்கு. நான் அதை ஆபத்து என்றால் மட்டும்தான் தொடுவேன் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் லைசென்ஸ் ஆபீஸ் குறுக்கே வந்தது. எங்கள் ஸ்கூலில் பெண்கள் மட்டும் ஏன் இப்படித் தோற்கிறார்கள் என்று கேட்டு, மாஸ்டரை ஒரு நாள் வகுப்புக்கு அனுப்பச் சொல்லி எங்கள் முதலாளிக்குத் தாக்கீது வந்தது. வகுப்பின் பெயரைக் கேளுங்கள்: “பாலின நீதியும் அமைப்பு சார்ந்த ஒடுக்குமுறையும்: அடிப்படைக் கருத்துகள்”. முதலாளி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “மாஸ்டர், இது கியர் பத்தின வகுப்பா?” என்று கேட்டார். தோற்றது அவர்கள், வகுப்பு எனக்கு. இதில் எந்த ஊர் நீதி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

ஒரு பெரிய கூடத்தில் வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். வங்கி மேனேஜர், ஓட்டல்காரர், பள்ளிக்கூட வாத்தியார் என்று எல்லோரும் என்னைப் போலவே பிடித்து வரப்பட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பு எடுக்க வந்த பெண்ணுக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் வயதுதான் இருக்கும், ஆனால் குரலில் ஒரு தெளிவு. உடம்பில் பிறப்பது ஒன்று, அதை வைத்து ஊர் நம் தலையில் எழுதி ஒட்டுகிற வேலைப் பட்டியல் வேறொன்று, அந்த இரண்டாவதைத்தான் பாலினம் என்கிறோம் என்று தொடங்கியது. அதுவரை பரவாயில்லை. அடுத்து ஒடுக்குமுறை என்றதும் நான் கையைத் தூக்கிவிட்டேன். “அம்மா, நான் யாரையும் ஒடுக்கினது கிடையாது. ஒரு பொம்பளையை அதட்டினது கிடையாது. கியர் மாத்தும்போது வண்டி கத்தினாகூட, நான் கத்த மாட்டேன்” என்றேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, “நம்பறேன் சார். நீங்க நல்லவர்தான். கெட்டவங்க யாருமே இல்லாம ஒரு கெட்ட காரியம் தினமும் அது பாட்டுக்கு நடந்துகிட்டிருக்கும். எல்லாரும் அவங்கவங்க வேலையைத்தான் பாத்துகிட்டிருப்பாங்க. ஆனா ஒரு பக்கத்து ஆளுங்க மட்டும் எப்பவும் தோத்துகிட்டே இருப்பாங்க. அதைத்தான் அமைப்புன்னு சொல்றோம்” என்றது.

எனக்குப் புரியவில்லை என்று சொல்ல ரோஷமாக இருந்தது, அதனால் தலையை ஆட்டினேன். “சரி, உங்க இடத்துல யார் ஜெயிக்கறாங்க, யார் தோக்கறாங்கன்னு மட்டும் பாருங்க. ஏன்னு கேளுங்க. ‘அவங்க அப்படித்தான்’ அப்படிங்கிற பதில் வந்துச்சுன்னா, அது பதில் இல்லை, இன்னொரு தடவை கேளுங்க” என்றது அந்தப் பெண். உடனே என்னைப் பார்த்து, “உங்க ஸ்கூல்ல பெண்கள் ஏன் சார் ஃபெயிலாகறாங்க?” என்று கேட்டது. நான் சற்றும் யோசிக்காமல், “அவங்க அப்படித்தாம்மா” என்றேன். கூடமே கொல்லென்று சிரித்தது. வங்கி மேனேஜர் நாற்காலியிலிருந்து நழுவாத குறை. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை, இருந்தாலும் நாலு பேர் சிரிக்கிற இடத்தில் நானும் சிரித்துவைத்தேன்.

சாயங்காலம் மேடை போட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதிகம் கேள்வி கேட்டவர் என்று என்னை முதலில் கூப்பிட்டார்கள். வாங்கினேன், கும்பிட்டேன், போட்டோ எடுப்பவர் “கொஞ்சம் பின்னால போங்க சார்” என்றார், போனேன். “இன்னும் கொஞ்சம்” என்றார். மேடை அங்கே முடிந்துவிட்டது என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாலின நீதிச் சான்றிதழைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நான் பின்பக்கமாக மறைந்ததைத்தான் அந்தப் போட்டோவில் பார்க்கலாம். சான்றிதழில் ஒரு மடிப்புகூட விழவில்லை. கணுக்கால் எலும்புதான் முறிந்தது.

கொண்டுபோய்ச் சேர்த்தது உங்கள் தங்கை வேலை செய்யும் ஆஸ்பத்திரியில்தான். அவளே தட்டை ஏந்திக்கொண்டு எலும்பு டாக்டரோடு வந்து நின்றாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது, நானும் அதற்கேற்ப கொஞ்சம் கூடுதலாகவே முனகினேன். டாக்டர் என் இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “வலது கெண்டைக்கால் மட்டும் பயில்வான் கால் மாதிரி இருக்கே? நீங்க என்ன, ஒத்தைக் கால்ல சைக்கிள் ஓட்டுவீங்களா? என்ன வேலை பாக்கறீங்க?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் தங்கை சொன்னாள், “டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், டாக்டர். பக்கத்துல சும்மா உக்காந்திருக்கிற வேலை.” சொன்னவள் அப்படியே நின்றாள். என் காலைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், மச்சான், தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். புருஷன் எலும்பு உடைந்து கிடக்கிறான், கட்டிய மனைவி சிரிக்கிறாள். “என்னடி சிரிப்பு? எங்க குடும்பத்துல எல்லாருக்கும் வலது கால் அப்படித்தான்” என்றேன். வகுப்பில் நடந்ததை எல்லாம் டாக்டர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவளிடம் சொல்லித் தொலைத்திருந்தேன். “அப்படித்தான்னா அது பதில் இல்லையே, இன்னொரு தடவை கேக்கணும்னு சொன்னாங்களே” என்று மறுபடி சிரித்தாள்.

முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டுவிட்டார்கள். வீட்டில் படுக்கலாம் என்று பார்த்தால் முதலாளி ஆள் அனுப்பிவிட்டார். “மாஸ்டர், நீங்க வாயாலதானே சொல்லித் தர்றீங்க. வாய்லயா கட்டு போட்டிருக்கு?” என்று சொல்லியனுப்பியிருந்தார். வேறு மாஸ்டர் இல்லை, அடுத்தடுத்து டெஸ்ட் இருக்கிறது. சீட்டைப் பின்னால் தள்ளி என்னை ஏற்றி உட்கார வைத்தார்கள். காலுக்குக் கீழே வைக்கத் தையல்காரம்மா தன் மெத்தையைக் கொடுத்தார். அவரும் என்னிடம் பழகுகிறவர்தான். வண்டி சீட்டில் உட்கார்ந்தால் அவருக்கு முன்னால் ரோடு தெரியாது, சீட்டை உயர்த்தவும் முடியாது, அதனால் உட்காருவதற்கு ஒரு மெத்தை தைத்துத் தினமும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். நான் அவரைக் கேலியாக “மெத்தையம்மா” என்றுதான் கூப்பிடுவேன். இப்போது அதே மெத்தையில் என் கால் உட்கார்ந்திருந்தது, அவர் தன் சால்வையை மடித்துப் போட்டுக்கொண்டு ஓட்டினார். ஆண் ஒருவனும் இதுவரை மெத்தை கொண்டுவந்ததில்லையே, இந்த சீட்டை யாரை உட்கார வைத்து அளவெடுத்தார்கள் என்று அன்றைக்கு எனக்கு ஒரு யோசனை வந்தது. வலிக்குக் கொடுத்த மாத்திரையால் வந்திருக்கலாம்.

முதலில் ஓட்டியது பல் டாக்டரம்மா. ரொட்டிக் கடைத் திருப்பம் வந்தது. என் கால் தன் பாட்டுக்கு மிதிக்கப் போனது. மாவுக்கட்டு அசையுமா? சுரீரென்று வலிதான் வந்தது, வண்டி நிற்கவில்லை. டாக்டரம்மா வழக்கம் போல வண்டி தானாக நிற்பதற்குக் காத்திருந்தார். ரொட்டிக் கடைக்காரர் தட்டோடு வாசலில் நின்று எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். “பிரேக்கும்மா! பிரேக்!” என்று அலறினேன், என் வாழ்க்கையில் முதன்முறையாக வண்டிக்குள் அலறினேன். அவர் ஒரே மிதி மிதித்தார். வண்டி நின்றது. ரொட்டிகள் மட்டும் நிற்காமல் எங்கள் பானட்டில் வந்து உட்கார்ந்தன. டாக்டரம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு, “மாஸ்டர், நான் நிறுத்திட்டேன். இத்தனை நாள் இந்தப் பிரேக்கைத் தொட்டுப் பாத்திருக்கேன், மிதிச்சதே இல்லை. நானே நிறுத்திட்டேன்!” என்று சொல்லி, கதவைத் திறந்து இறங்கி, வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் பன் வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு என் பாடு திண்டாட்டம். கால் போனால் என்ன, கை இருக்கிறதே என்று நடுவில் இருக்கிற ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா திரும்பிப் பார்த்து, “கையை எடுங்க மாஸ்டர். பல் பிடுங்க வர்றவங்க நாற்காலியைப் பிடிக்கிற மாதிரியே பிடிச்சிருக்கீங்க. நல்லா மூச்சு விடுங்க. ஒண்ணும் ஆகாது, வலிக்காது” என்றார். எனக்கு! நான் சொல்லிக்கொடுக்கிற வண்டியில்! இரண்டே வாரத்தில் டாக்டரம்மா பாஸ். தையல்காரம்மா பாஸ். அப்புறம் போன பெண்கள் எல்லோரும் பாஸ். ‘உம்மணாமூஞ்சி’ என்று நாங்கள் பெயர் வைத்திருந்த தேர்வு அதிகாரி சிரித்ததைப் பார்த்ததாக முதலாளி சொல்கிறார், நான் நம்பவில்லை. பழகுகிற ஆண்களிடம் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. அவர்கள் எப்போதும் போலத்தான் ஓட்டினார்கள். உண்மையைச் சொன்னால், ஆண்கள் ஓட்டும்போது என் கால் அந்தப் பக்கம் போவதே இல்லை. போனால் “ஏன், எனக்குத் தெரியாதா?” என்று ரோஷப்படுவார்கள். பெண்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள், பாவம் பயப்படுவார்களே என்று கால் தானாகப் போயிருக்கலாம். பிரியத்தில் போன கால்தான், மச்சான். அதை ஒடுக்குமுறை என்று சொன்னால் மனசு வலிக்கிறதா இல்லையா?

எல்லாம் தற்செயல் என்று நான் சாதித்துக்கொண்டிருக்கிறேன். ரோட்டில் புதிதாகத் தார் போட்டிருக்கிறார்கள், டயர் மாற்றியிருக்கிறோம், இப்படி எவ்வளவோ காரணம் இருக்கலாம். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. போதாக்குறைக்கு இந்தப் பெண்கள் எல்லாம் கூடிப் பேசி முதலாளியிடம் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். என் கட்டுப் பிரித்த பிறகு, மாஸ்டர் பக்கத்துப் பிரேக்கில் ஒரு மணி கட்டிவிட வேண்டுமாம். நான் மிதித்தால் மணி அடிக்கும், வண்டியை யார் நிறுத்தியது என்று ஓட்டுகிறவருக்குத் தெரிந்துவிடும். தையல்காரம்மா மணிக்கு நாடாகூடத் தைத்துவிட்டார், சிவப்பு நிறத்தில். முதலாளி, “ஆபத்துக்கு மிதிக்க வேண்டாம்னு யாரும் சொல்லலையே மாஸ்டர், அடிக்கட்டுமே” என்று சம்மதித்துவிட்டார். நான் என்ன பூனையா, மணி கட்டுவதற்கு?

இவ்வளவு எழுதியபின் நீங்கள் கேட்பீர்கள், எல்லாப் பெண்களும் பாஸாகும்போது என் தங்கை போனால் உமக்கு என்ன என்று. அதற்குத்தான் வருகிறேன். இரண்டாவது தடவை தோற்றுவிட்டு வந்த அன்றைக்கு அவள் நேரே கொல்லைப்புறம் போனாள். துவைத்த சீருடையையே எடுத்து மறுபடி துவைத்தாள். அதை உலர்த்திவிட்டு, அந்தப் புது வேலைக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த, தோளில் மாட்டுகிற நீலப் பையை எடுத்துப் பரண்மேல் வைத்தாள். இன்னொரு தடவை தோற்று அவள் வீட்டுக்குள் நுழைகிற முகத்தை என்னால் பார்க்க முடியாது. இப்போது நன்றாகத்தான் ஓட்டுகிறாள், இல்லை என்று சொல்லவில்லை. திருப்பத்தில் வண்டி நிற்கிறது, கோட்டுக்கு முன்னால் நிற்கிறது. ஆனால் டெஸ்ட் அன்றைக்கு என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? போகாமலே இருந்துவிட்டால் தோற்க வேண்டியதில்லை அல்லவா? அவள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன். ஆகவே தாங்கள் தாமதிக்காமல் அந்த நான்கு வரியை எழுதிப் போடும்படி மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் அன்பு. எல்லோரும் நோய்நொடி இல்லாமல், குறிப்பாகக் கால் எலும்புகளோடு, நீண்ட காலம் நன்றாக இருக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பும் மாவுக்கட்டும் நிறைந்த மாப்பிள்ளை.

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியதை எல்லாம் படித்திருந்தால் மறந்துவிடவும். படிக்காமல் நேரே இங்கே வந்திருந்தால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். நடந்தது இதுதான். கட்டுப் போட்ட காலோடு தபால் பெட்டி வரைக்கும் நடக்க முடியாது என்பதால், கடிதத்தை உறையில் போட்டு நன்றாக ஒட்டி, போகிற வழியில் போட்டுவிடச் சொல்லி உங்கள் தங்கையிடமே கொடுத்தேன். அவளும் சரி என்று வாங்கிக்கொண்டாள். இது போன வாரம்.

இன்று காலை டெஸ்ட். என்னையும் கூட்டிக்கொண்டு போய் மைதானத்து ஓரத்தில் ஒரு பெஞ்சில், மெத்தையில் காலை வைத்து உட்கார வைத்தார்கள். உம்மணாமூஞ்சி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. ரவுண்டானா வந்ததும் என் கால் மாவுக்கட்டுக்குள்ளேயே மிதித்தது, நான் என்ன செய்ய, அதற்குப் பழக்கம் போகவில்லை. பெஞ்சுதான் ஆடியது. அங்கே வண்டி அழகாக வேகம் குறைந்து, பூச்செடிகளுக்கு ஒரு கும்பிடு போட்டுத் திரும்பி, கோட்டுக்கு முன்னால் வந்து நின்றது. தேநீர்க்காரர் தட்டோடு ஓடத் தயாராக நின்றவர், ஓட வேண்டிய அவசியம் இல்லை என்று கண்டதும் தட்டை வைத்துவிட்டுக் கை தட்டினார். உம்மணாமூஞ்சி சிரித்தார், மச்சான். நானே என் கண்ணால் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் கால் வலியா என்று கேட்டார், ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பரண்மேல் இருந்த நீலப் பையை எடுத்துத் தூசி தட்டினாள். அப்புறம் கைப்பைக்குள் இருந்து இந்தக் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒட்டினது ஒட்டினபடியே இருந்தது, பிரிக்கவில்லை. “எங்க அண்ணனுக்கு நீங்க லெட்டர் எழுதினா என்ன எழுதுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?” என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன், ஆனால் ஆஸ்பத்திரியில் சிரித்த அதே சிரிப்புதான் வந்தது. “கால்ல கட்டு போட்டாச்சே, இனிமேலாவது சும்மா இருப்பீங்கன்னு பாத்தா, பேனாவைப் பிடிச்சுக் கையால மிதிச்சிருக்கீங்களே!” என்றாள். எனக்கு அந்த வகுப்பெடுத்த பெண் சொன்னது மொத்தமும் அந்த இடத்தில்தான் புரிந்தது. நானும் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன், இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து மேசை விரிப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

ஆகவே நீங்கள் நான்கு வரி எழுத வேண்டாம். சிவப்பு நாடா மணியை நானே கட்டிக்கொள்வதாக முதலாளிக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்த நீங்கள் எந்த இடத்தில் கையை விட்டீர்கள், விட்டபோது உங்களுக்குப் பயமாக இருந்ததா, இதை மட்டும் எனக்கு நேரில் சொல்ல வேண்டும். இன்றே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. உங்கள் தங்கை பாஸானதைக் கொண்டாடப் பல் டாக்டரம்மா தன் காரைக் கொடுத்திருக்கிறார், அதை எடுத்துவர அவள் போயிருக்கிறாள், அதில் நாங்களே கொண்டுவருகிறோம். நான் பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு வருவேன், அங்கே மிதிப்பதற்கு ஒன்றும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பேர் கூடுதல் என்று வீட்டில் சொல்லிவிடவும் என்று எழுத நினைத்தேன், ஆனால் நீங்கள் இதைப் படிக்கும்போது நாங்கள் உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்போம்.

ஹார்ன் சத்தம் கேட்கிறது. வண்டி எங்கள் வாசலில் வந்து நிற்கிறது, மச்சான். தானாக நிற்கவில்லை. என் மனைவி நிறுத்தியிருக்கிறாள்.